தூசி இல்லாத படம்

கன்று ஈன முடியாமல் திணறும் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு இழுப்பவள் அவள். புழு வைத்த குளம்பு, சீழ் கட்டிய மடி, செத்து உப்பிப்போன ஆட்டின் வயிறு என்று அவள் பார்க்காதது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவாள். கம்பவுண்டரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில்கூட டாக்டரம்மா முகம் சுளித்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு, தன் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில், தன் டெலஸ்கோப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்த காலையில் அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடியில் எச்சில் காய்ந்திருந்தது. பொட்டுப் பொட்டாக, எச்சில்தான். அந்தப் பொட்டுகளை யாரோ அழுத்தித் தேய்த்து வட்ட வட்டமாக இழுத்துவிட்டிருந்தார்கள். வட்டத்தின் வழியெல்லாம் மயிரிழைக் கீறல்கள். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கட்டைவிரல், ரேகை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக. போதாக்குறைக்கு நடுவில் ஒரு வெள்ளை நூல்.

ஒரு வாரம் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள். போகும்போது கொட்டகைச் சாவியை அக்காவிடம் கொடுத்து, “ஈரம் உறிஞ்சுற பைய மட்டும் மாத்திவிடுக்கா, இல்லேன்னா கண்ணாடில பூஞ்சை வந்துரும். வேற எதையும் தொடாத” என்று சொல்லியிருந்தாள். அக்கா சொன்னதைச் செய்கிறவள். கூடவே அத்தானும் வந்திருக்கிறார் என்பதுதான் கேடு. அத்தான் ஊர் வானியல் சங்கத்தின் செயலாளர். மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

போன் போட்டாள்.

“ஆமா, நான்தான் தொடச்சேன்” என்றார் அத்தான், பெருமையாக. “எவ்ளோ தூசி! பாக்கவே சகிக்கல. ஒரு டாக்டர் வீட்டு சாமான் இப்படியா இருக்கும்?”

“எதால தொடச்சீங்க அத்தான்?”

“கைல துணி இல்ல. கண்ணாடிய வெளிய எடுத்து வச்சிட்டு, பனியனக் கழட்டி, ஹான்னு ரெண்டு ஊது ஊதி…”

அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அந்த ஈர மூச்சு அதன் வழியாக வந்துவிடும் போலிருந்தது.

“கேமராவையும் கழட்டினீங்களா?”

“பின்ன? அதோட கண்ணாடிலயும் புள்ளி புள்ளியா இருந்துச்சே. பளபளன்னு ஆக்கி மாட்டிட்டேன். நன்றின்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?”

நன்றியாம்! அந்தத் தூசியின் அருமை சங்கச் செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேமராவின் கண்ணாடியில் ஒரு துளி தூசி இருந்தால் படத்தில் அதன் நிழல் வளையமாக விழும். அதை நீக்க வழி இருக்கிறது. டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, சீரான வெளிச்சத்தில், தூசியை மட்டும் தனியாகப் படம் பிடித்துக்கொள்வது. அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எல்லாப் படங்களிலிருந்தும் வளையங்களைக் கழித்துத் தந்துவிடும். ஒரே நிபந்தனை, தூசி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதைப் படம் பிடிக்கும்வரை மூச்சுக்கூட விடக் கூடாது.

ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் தூசியை அன்றன்றைக்கே படம் பிடித்துவிடுவார்கள். அவள், கேமராவைத்தான் அசைக்கவே இல்லையே, சீசன் முடிந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்தபோது அத்தான் மேல் வந்த அருவருப்பில் ஒரு பங்கு அவள் மேலும் விழுந்தது.

போனது ஒரு பருவம் முழுவதும் சேர்த்த வெளிச்சம். கண்ணுக்கே தெரியாத ஒரு வாயுமேகம். அதை நூற்றுக்கணக்கான படங்களாகப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துத்தான் அதன் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும். சங்கத்தின் கண்காட்சியில் நடுச்சுவர் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் அவள் படங்களைக் கரிச்சட்டி என்பார். விருந்தாளிகள் “ஓ, நிலாவா?” என்பார்கள். தன் கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் ஒன்றின் முன்னால் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும், அது போதும் என்று அவள் ஏங்கியிருந்தாள்.

படத்தைச் சேர்த்து முடித்தாள். மேகத்தின் நடுவில், ஈர டீ கிளாஸை வைத்து எடுத்த தடம் மாதிரி மூன்று வளையங்கள். படம் தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

“அழிச்சிட்டா போச்சு” என்றார் அத்தான். “அதுக்கெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல ஆயிரம் வித்தை இருக்கு.”

“அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதுவே ஊகிச்சுக்கும்மா.”

“ஊகிக்கிறதுக்கு நான் எதுக்கு அத்தான் தூக்கம் முழிச்சேன்?”

அத்தோடு விட்டார் என்றுதான் நினைத்தாள்.

கண்காட்சி அன்று மத்தியானம் அக்காவுக்காகப் போனாள். மண்டபத்தில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. நடுச்சுவரில், ஒரு கதவு உயரத்துக்கு, அவளுடைய மேகம். கீழே அவள் பெயர். முன்னால் நாலு பேர் இல்லை, கூட்டமே நின்றது.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் அசடு வழியச் சிரித்தார். “உங்க அத்தான் கேட்டாரு, உன் கம்ப்யூட்டர்லேர்ந்து படத்த எடுத்து அனுப்பிட்டேன். நீ ஆச்சரியப்படணும்னு…”

கிட்டே போய்ப் பார்த்தாள். வளையங்களைக் காணோம். அது மட்டுமா? மேகத்தின் விளிம்பெல்லாம் வாரி விட்ட தலைமுடி போல இழை இழையாகப் பிரிந்திருந்தது. அவள் டெலஸ்கோப் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்த இழைகளைப் பார்க்காது. பெரிய வளையம் இருந்த இடத்தில் புத்தம்புதிதாக இரண்டு நீல நட்சத்திரங்கள், ஜோடி போட்டு மினுக்கின. அங்கே நட்சத்திரமே கிடையாது. வேறு யாருடைய படத்தின் மிச்சமீதியையோ மென்று, அவள் வானத்தில் துப்பி வைத்திருக்கிறது அந்த வித்தை. கொட்டகையில் வந்த அதே குமட்டல் வந்தது.

“எப்படி?” என்று அத்தான் காதருகே குனிந்தார். “உன்னோடதவிட நல்லா இல்ல?”

“வெக்கமா இல்லையா அத்தான் உங்களுக்கு?”

“சும்மா இரும்மா. ஜனங்க பாக்கறாங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள். அதற்குள் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாரும் உன்னப் பத்திதான்டி பேசுறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.” ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடும்பத்தோடு வந்து கும்பிட்டார். யாரோ கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சொல்ல வந்ததைத் தள்ளிப் போட்டாள். அதைவிட மோசம், உச்சி குளிர்ந்தது. சிரித்தாள், தலையாட்டினாள், “ஆமாங்க, ரொம்ப நாள் வேலை” என்றுகூடச் சொன்னாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பக்கத்து ஊரில் சின்ன டெலஸ்கோப் வைத்திருப்பதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தோடு மூக்கு உரச நின்று பார்த்தார்.

“டாக்டரம்மா, இந்த ரெண்டு நீல நட்சத்திரம் என்னது? நான் கவனிச்சதே இல்லையே.”

“அது… ரெட்டை நட்சத்திரங்க” என்றாள்.

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு வழுவழுப்பாக வந்தது.

“அப்படியா! இவ்ளோ பிரகாசமா இருந்தா என் டெலஸ்கோப்புக்கே தெரியணுமே” என்று அவர் முகம் மலர்ந்தார். “இன்னைக்கே தேடிப் பாத்துடறேன். தெரியலேன்னா என் கண்ணத்தான் சொல்லணும். போன மாசம்தான் ஆபரேஷன் ஆச்சு. நல்லா ஆயிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு, எனக்குத்தான் நம்பிக்கை வரல. இது சரியான பரீட்சை!”

கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அவர் மாடியில் உட்கார்ந்து இல்லாததைத் தேடுவார். தெரியாது. திரும்பத் தேடுவார். கடைசியில் தன் கண் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்குவார். அவளுக்கு இப்போது அத்தானைப் பார்க்கக் குமட்டவில்லை. அத்தானுக்கு என்ன, அவர் பூசி மெழுகுகிற ஜாதி. சொன்னது தன் வாய்.

“சார்!” என்று கத்தினாள். மண்டபம் திரும்பிப் பார்த்தது. “அந்த எடத்துல நட்சத்திரம் இல்லீங்க. நான் சொன்னது பொய். எங்க அத்தான் கம்ப்யூட்டர்ல போட்டது அது. உங்க கண்ணுல ஒரு தப்பும் இல்ல.”

“என்னம்மா விளையாட்டு இது?” என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்குத் துணை சேரவில்லை. அக்கா பிடித்திருந்த கையை விட்டாள். கம்பவுண்டர் தரையைப் பார்த்தார்.

பெரியவர் திரும்பி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் படத்தை மேலிருந்து கீழாக, மெதுவாக, மறுபடி பார்த்தார்.

“சரிம்மா. அப்போ இதுல எதெல்லாம் நீங்க பாத்தது?”

அவளும் பார்த்தாள். ஒரு பருவம் முழுக்க, புள்ளி புள்ளியாகத் தன் பிள்ளைகளைப் போல அவளுக்குத் தெரிந்த வானம். இடது ஓரத்து மங்கல் நட்சத்திரம் இருந்ததா? மேகத்தின் அந்த வளைவு அவளுடையதா? விரலை உயர்த்தினாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“வீட்டுக்குப் போய்ப் பாத்துத்தாங்க சொல்லணும்” என்றாள்.