வீட்டுப் பிள்ளையின் சம்மதம்

அதீபா மேடம் வருகிற அன்று காலையில், அம்மா என்னுடைய பழைய யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டாள்.

நான் பத்தாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுடிதார் அக்குளில் இறுக்கிப் பிடித்தது. அம்மா அங்கே தையலைப் பிரித்துவிட்டு, அது தெரியாமல் இருக்க மேலே கோட்டை மாட்டி ஊக்கு குத்தினாள்.

“கையத் தூக்காத. தூக்கினாத்தான் தெரியும்.”

“எதுக்கும்மா இது?”

“ஒண்ணயே படிக்க வைக்கத் துப்பில்ல, இன்னொண்ணு எதுக்குன்னு அவங்க கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

அம்மாவும் அப்பாவும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிந்திருந்தார்கள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அப்புறம் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். கைக்குழந்தையாகத்தான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். தத்து கொடுக்கும் மையத்திலிருந்து அதீபா மேடம் வந்து வீட்டையும் எங்களையும் பார்த்து எழுத வேண்டும். அவர் நல்லபடியாக எழுதினால்தான் எங்களுக்குக் குழந்தை.

இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பேசாமல் இருக்கிறவளுக்குக் காதும் கேட்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு.

வாசல் கழுவி, ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்திருப்பதைப் பார்த்து மாடி வீட்டு ஜோதியம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா உண்ணாமலை, பொண்ணு பாக்க வராங்களா?”

“இல்லக்கா, ஒரு ஆபீஸ் விஷயம்.”

“அப்ப இவ எதுக்கு யூனிஃபாரத்துல நிக்கிறா? இன்னாடி எழிலு, மறுபடியும் ஸ்கூலா? அங்கயாவது வாயத் தொறப்பியா, இல்ல வாத்தியாருங்களையும் ஊமையாக்கிட்டு வந்துருவியா?”

நான் உள்ளே போய்விட்டேன். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், குரல்தான் வராது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படியே. அப்புறம் போகவில்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிற வேலை. மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஊரே நிரம்பிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு, போன் அடிக்கும்போதெல்லாம் “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதீபா மேடம் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசுதான். தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மணி பதினொன்று.

“இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?”

“காய்ச்சல் மேடம்” என்றாள் அம்மா.

“பரீட்சை லீவு மேடம்” என்றார் அப்பா, அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதான், பரீட்சை லீவுல காய்ச்சல்” என்று அப்பா சேர்த்துவைத்தார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

சமையலறை, பாத்ரூம் எல்லாம் பார்த்தார். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரியுமா, வளர்ந்த பிறகு தத்துப் பிள்ளை என்று அதனிடம் சொல்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா மனப்பாடம் செய்ததுபோல் பதில் சொன்னாள். கடைசியில் மேடம், “எழில்கிட்ட கொஞ்சம் தனியா பேசணும்” என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. “அவ பேச மாட்டா மேடம். இன்னா வேணுமோ என்னையே கேளுங்க.”

“இல்லக்கா. வீட்ல ஏற்கெனவே இருக்கற பிள்ளைக்கும் சம்மதமான்னு கேக்கணும். அது இல்லாம நான் எழுதி முடிக்க முடியாது.”

இது அம்மாவுக்குத் தெரியாது. என்னிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போனோம். ஜோதியம்மாள் காயப்போட்டிருந்த புடவைகளுக்கு நடுவில் நின்றோம். காற்றில் ஒரு புடவை முகத்தில் வந்து விழ, நான் கையைத் தூக்கி விலக்கினேன். மேடம் பிரித்த தையலைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

“ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்தா உனக்கு ஓகேவா?”

வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன். ஆனால் இவர் அவசரப்படவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் எனக்கு வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

“நான் ஸ்கூலுக்குப் போறதில்ல மேடம்.”

“சரி.”

“குழந்தையப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கல.”

“இப்ப நான் கேக்கறேன்ல?”

வேண்டாம் என்று சொன்னால் அம்மா செத்துப்போவாள். வேண்டும் என்று சொன்னால், நான் சரியாக வரவில்லை என்பதால் புதுசாக ஒன்று கேட்கிறார்கள் என்பதை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அழுதுவிட்டேன்.

கீழே வந்ததும் மேடம் அம்மாவிடம், “அடுத்த புதன்கிழமை திரும்ப வரேன்க்கா. அதுக்குள்ள நீங்க மூணு பேரும் உக்காந்து பேசிடுங்க. அவ சொல்லாம நான் ஒண்ணும் எழுத மாட்டேன்” என்றார்.

ஸ்கூட்டர் சத்தம் மறைகிற வரைக்கும் அம்மா பொறுத்திருந்தாள். “கெடுத்துட்டல்ல? திருப்தியா?” என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்கு நான் கேன்கிட்டயே பேசிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பௌர்ணமிக் கூட்டம் கலைந்து, தெருவில் பஸ் சத்தம் கம்மியாகி, வீடு இன்னும் அமைதியானது. அம்மா சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளுவாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது நான் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு காம்பு உருவிய பிறகு கேட்டேன்.

“வர்றதும் என்ன மாதிரியே ஆயிட்டா, அப்புறம் இன்னொண்ணு கேப்பியாம்மா?”

அம்மாவின் கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

“உனக்குப் பதிலா கேக்கறேன்னு நெனச்சியாடி?”

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலைல உங்கப்பா வண்டிய எடுத்துகினு போனா, பொழுது சாயுற வரைக்கும் இந்த வீட்ல குக்கர் சத்தம்தான். நானா இன்னாவோ பேசறேன், நானா பதில் சொல்லிக்கிறேன். மேல இருந்து ஜோதியம்மா கேட்டுச் சிரிக்குது, உண்ணாமலைக்குக் கழண்டுபோச்சின்னு. ரெண்டு போச்சே, அதுங்க இருந்தா எவ்ளோ சத்தம் போட்டிருக்கும்னு நெனப்பேன்.” அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். “அழுவுற சத்தமா இருந்தாலும் பரவால்ல. ஒரு சத்தம் வேணும்டி எனக்கு.”

இந்த வீட்டில் தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதே கூடத்தில், எனக்கு இரண்டு அடி தள்ளி இன்னொருத்தி தனியாக இருந்திருக்கிறாள். மீதிக் கீரையை இரண்டு பேருமாக உருவி முடித்தோம்.

புதன்கிழமை நான் வீட்டில் போடுகிற நைட்டியிலேயே இருந்தேன். அம்மா யூனிஃபார்மை எடுக்கவில்லை. மாடியில் அதே இடத்தில் மேடம் கேட்டார்.

“இப்ப சொல்லு.”

“வேணும் மேடம்.”

“அம்மா சொல்லச் சொன்னாங்களா?”

“இல்ல. அம்மாவுக்குப் பேச ஆள் இல்ல.”

“அது அம்மாவுக்கு. உனக்கு?”

“எனக்கு பயமா இருக்கு. அது வந்தா என்ன யாருக்கும் தெரியாமப் போயிடும்னு. இருந்தாலும் வேணும்.”

“ரெண்டையுமே எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்குங்க.”

“ஸ்கூல் விட்டதையும் எழுதணும்.”

“தெரியும் மேடம்.”

எங்கள் வீட்டைப் பற்றி மேடம் எழுதியது நல்லபடியாகவே முடிந்தது. அதை எனக்குச் சொன்னது ஜோதியம்மாள்தான். “உங்களுக்குக் கொழந்த தராங்களாமே, வாய்க்குச் சக்கரை போடாம உங்கம்மா எங்கடி போனா?” என்று படியில் நின்று கேட்டாள். அம்மா கேசரி கிளறித் தெருவுக்கெல்லாம் கொடுக்கப் போயிருந்தாள். என் பங்கு அடுப்பு மேடையில் மூடி வைத்திருந்தது.

வரிசை பெரிது. வருஷக்கணக்கில் ஆகும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். இன்னும் எங்கள் முறை வரவில்லை. சாயங்காலத்தில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். முடி சுருட்டையாக இருக்குமா, சுக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளுமா, பௌர்ணமி ஜனச் சத்தத்துக்குப் பயப்படுமா என்று கேட்பாள். நான் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். அதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி இல்லை.

நேற்று அம்மா, “இப்ப பொறந்திருக்குமாடி?” என்றாள்.

“தெரியலம்மா.”

“பொறந்திருந்தா, இந்நேரம் யார் தூக்கி வச்சிருப்பாங்க?”

எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாராவது வச்சிருப்பாங்கம்மா” என்றேன்.