இடது காலுக்குச் செல்லும் வண்டி

பெட்டி லிஃப்டுக்குள் போகவில்லை. இரண்டு முறை நேராகவும் ஒரு முறை சாய்த்தும் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கதவு பாதி தூரம் வந்து, பெட்டியின் விளிம்பில் முட்டி, மரியாதையாகப் பின்வாங்கியது.

"நிக்க வெச்சுக் கொண்டு போயிடலாமே," என்றார் மச்சான். பெட்டிக்குள் இருந்தவளின் மூத்த பிள்ளை. ஏதோ ஒரு ஆபீசில் மேனேஜர். எங்கே போனாலும் அந்த நாற்காலியைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறவர்.

"அம்மாவை நிக்க வைக்கிறதா?" என்று அவர் தங்கை சீறினாள். "அஞ்சு நிமிஷம் நின்னாலே அவங்களுக்கு முட்டி வலிக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நாலாவது மாடி நடையில் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்திருந்த மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவர் தோள் குலுங்கியது. அவ்வளவுதான், ஒவ்வொருவராகச் சிரித்து, கடைசியில் அழுது வீங்கிய முகத்தோடு அவளும் சிரித்துவிட்டாள்.

சிரிக்காமல் நின்றது அவள் புருஷன் ஒருவன்தான். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. மாமியார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காவலாளி வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவன் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று வெள்ளிக்கிழமை. மாமியார் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. கெடு வைத்தவளோ பெட்டிக்குள் இருந்தாள்.

மாப்பிள்ளைக்கு வீடு மாற்றும் கம்பெனியில் வேலை. பீரோ, கட்டில், ஒரு தடவை பியானோ என்று பன்னிரண்டு வருஷம் தூக்கினான். பிறகு மூன்று வருஷம் வழி சொல்கிறவனாக இருந்தான். பெரிய சாமான் படியிறங்கும்போது ஒருவன் மட்டும் தூக்க மாட்டான். சாமானைப் பார்த்தபடி முன்னால் பின்னடி வைத்து இறங்கிக்கொண்டே, எங்கே உயர்த்து, எங்கே சாய், எங்கே நில் என்று சொல்வான். தூக்குகிறவர்களுக்குக் கண் அவன்தான். அந்த வேலையில் இருக்கும்போதுதான் இடுப்பு பிடித்தது. ஊசி, மாத்திரை, பெல்ட் எதற்கும் மசியவில்லை. முதுகைத் திறக்க அவனுக்குப் பயம். "நான் சொல்றேன் இல்ல, பண்ணிக்கோங்க, எல்லாம் சரியாயிடும்," என்று மனைவிதான் ஒற்றைக் காலில் நின்று ஆபரேஷனுக்கு அனுப்பினாள்.

எல்லாம் சரியாகவில்லை. ஏழு மாதமாகியும் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. படுக்கையிலிருந்து எழுவதென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான். மனைவி காலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் முதுகு ஒன்றும் முட்டி இரண்டுமாக மாப்பிள்ளையும் மாமியாரும் மிஞ்சுவார்கள்.

அத்தை முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்தவள். வண்டி வரும் நேரம், கிளம்பும் நேரம், காணாமல் போன பிள்ளை, கிடைத்த குடை எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை. ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டுக்கு வந்த நாலாம் நாள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, பக்கத்து அறையிலிருந்து கணீரென்று அறிவிப்பு வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. இடுப்பிலிருந்து புறப்பட்டு, தொடை, கெண்டைக்கால் வழியாகக் கணுக்கால் வரை செல்லும் வலி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். இவ்வண்டி முழங்காலில் நிற்காது."

தையல் பிரிந்துவிடும் என்று பயந்து பயந்து சிரித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் வலிக்கு அதுதான் பாஷை. "உங்க வண்டி எங்க இருக்கு மாப்பிள்ளை?" "தொடையில நிக்குது அத்தை. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான்." "எனக்கு ரெண்டு வண்டியும் முட்டியிலேயே பழுதாயிடுச்சு." இருவருக்கும் ஒரே வெந்நீர்ப் பை. அரை மணிக்கொருமுறை கை மாறும். அத்தை ஐந்து நிமிஷம் ஏமாற்றுவாள். அவன் கடிகாரத்தைக் காட்டி மல்லுக்கு நிற்பான். வலி குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் சிரித்த அளவுக்கு அவன் கல்யாணமான பத்து வருஷத்தில் சிரித்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் அத்தையின் கண்ணாடி கீழே விழுந்தது. எடுத்துத் தர எழுந்தவன், நாற்காலிக்கு அடியில், மேசைக்கு அடியில் என்று தேடினான்.

"மாப்பிள்ளை, தேடினது போதும். அது மேலதான் நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தான். கண்ணாடிக் கம்பி அவன் இடது உள்ளங்காலில் பதிந்து, ஒரு பொட்டு ரத்தமும் வந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அத்தைதான்.

"கட்டை விரலைத் தூக்குங்க பார்ப்போம்."

வலது விரல் எழும்பியது. இடது விரல், யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோலச் சும்மா இருந்தது. இரண்டு நாளாகவே அந்தக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரியும், போர்வை பட்டால் நெருப்புப் பட்ட மாதிரியும் இருந்ததை அப்போதுதான் சொன்னான். புதிதாக மரத்துப்போனால் அன்றைக்கே வர வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அவகிட்ட சொல்லாதீங்க அத்தை. அவ சொல்லித்தான் பண்ணிக்கிட்டேன். தன்னாலதான்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவா."

அத்தை சொல்லவில்லை. கண்ணாடி மேல் தான்தான் உட்கார்ந்துவிட்டதாக மகளிடம் ஒப்புக்கொண்டு, "கண்ணாடிக்கடைக்காரி அம்மா செய்யிற வேலையா இது?" என்று வாங்கியும் கட்டிக்கொண்டாள். அவனைத் தினமும் நச்சரித்தாள். அவன் நாளை, நாளை மறுநாள் என்று தட்டிக் கழித்தான். போன திங்கட்கிழமை பொறுமை தீர்ந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா, சனிக்கிழமை காலையில நான் மைக்கைப் பிடிச்சிடுவேன்."

நேற்றுக் காலை டீ குடித்துவிட்டு, "பை உங்க முறை மாப்பிள்ளை," என்று ஐந்து நிமிஷம் முன்னதாகவே நீட்டினாள். அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரை மணி கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வாங்கிக்கொள்ள அவள் இல்லை.

இப்போது படி வழியாகத்தான் இறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மேஸ்திரியும் மூன்று ஆட்களும் மாப்பிள்ளையின் கம்பெனிக்காரர்கள். கேள்விப்பட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். வழி சொல்லும் பொறுப்பை மச்சான் தானே எடுத்துக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் நின்று ஆரம்பித்தார்.

"லெஃப்ட்... லெஃப்ட்... ஐயோ, உங்க லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!"

பத்துப் படி இறங்கி, நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் இருந்த வளைவில் பெட்டி சிக்கிக்கொண்டது. தலைப்பக்கம் சுவரில், கால்பக்கம் தண்ணீர்க் குழாயில். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஆறு பேரும் அத்தையைக் கையில் ஏந்தியபடி மாட்டிக்கொண்டார்கள்.

"அம்மா எங்களை விடமாட்டேங்கறாங்க," என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்க. பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார். "இது உன் வேலைப்பா. கீழ வந்து நின்னு வழி சொல்லு."

"அவருக்கு இடுப்பு சரியில்லய்யா, விட்டுடுங்க," என்றார் மச்சான்.

நல்ல சாக்குதான். இடுப்பைப் பற்றி ஊருக்கே தெரியும். தலையை ஆட்டிவிட்டு நின்றால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் பின்னடி வைத்து அறுபது, எழுபது படி இறங்க வேண்டும். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் விழுந்தால், மேலே இருக்கும் ஏழு பேரும் அவன் மேல்தான் வருவார்கள், அத்தையையும் சேர்த்து. மறைத்துக்கொண்டு இறங்க முடியாது. இறங்காமல் மறைத்துக்கொள்ளலாம். சிக்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"இருங்க, வரேன்," என்றான்.

படியைப் பெட்டி அடைத்திருந்ததால், லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போய் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போனான். கதவு மூடியது. ஒரு மாடி தூரம்தான் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு," என்றான்.

அத்தையின் குரலை அவன் அச்சு அசலாகப் பிடிப்பான். ஈரக் கண்ணோடு அவள் லேசாகச் சிரித்தாள்.

"இடது காலுக்குச் செல்லும் வண்டிகள் அனைத்தும்..." காலைக் காட்டினான். "ரத்து செய்யப்பட்டுள்ளன."

"அப்படின்னா? வலி போயிடுச்சா?"

"வலியும் போயிடுச்சு, காலும் போயிடுச்சு. விரலைத் தூக்க முடியல. கீழ ஆணி கிடந்தாலும் தெரியல."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. இருவரும் இறங்கவில்லை. கதவு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தக் கண்ணாடியை மிதிச்சது நான்தான். இன்னிக்குள்ள உன்கிட்ட சொல்லணும்னு கெடு வெச்சிருந்தாங்க."

"நான்தானே உங்களை..." என்று ஆரம்பித்தவளின் முகம் கோணியது. மூன்று வாரமாக அவன் பயந்த முகம் அதுதான். நேருக்கு நேர் பார்த்தபோது, அவன் நினைத்த அளவுக்குப் பயங்கரமாக இல்லை. அழுகிற மனைவியின் முகம். அவனுக்குப் பிடித்த முகம். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டிகிட்ட பேச லிஃப்டுக்குள்ள வந்து மைக் பிடிக்கணுமா?"

"வேற வழி தெரியல."

"அம்மாவை அனுப்பிட்டு நேரா டாக்டர்கிட்டதான் போறோம். வீட்டுக்கு வந்துட்டெல்லாம் இல்ல. நேரா."

"சரி."

"கை போகுதுப்பா! எங்க இருக்கீங்க?" என்று படியிலிருந்து மேஸ்திரி அலறினார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"என் சட்டையைப் பிடிச்சுக்கோ. நான் பெட்டியைப் பார்ப்பேன். நீ என் காலைப் பாரு."

வளைவுக்கு நாலு படி கீழே போய் நின்றான். முதுகுப் பக்கம் சட்டை இறுகியது. அவள் ஒரு கைப்பிடி நிறையத் துணியை அள்ளியிருந்தாள். ஒரே பார்வையில் சிக்கல் எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், நீங்க கையை எடுங்க. மேஸ்திரி, கால்பக்கம் கைப்பிடிக்கு மேல உயர்த்துங்க. இன்னும். தலைப்பக்கம் சுவரோட ஒட்டிக் கீழ இறக்குங்க. நில்லு. இப்ப எல்லாரும் ஒண்ணா, என் பக்கம் திருப்பு."

பெட்டி குழாயை உரசாமல், வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு திரும்பியது. "அப்பாடா!" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"படி," என்றாள் மனைவி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "இடது காலைக் கொஞ்சம் பின்னால விடுங்க. இன்னும். ம், வெச்சாச்சு."

அவன் பெட்டிக்கு வழி சொன்னான்; அவள் அவனுக்கு வழி சொன்னாள். இரண்டாவது மாடி வந்தபோது அவனுக்கு அடக்க முடியவில்லை. "இரண்டாம் மாடி! வண்டி இரண்டு நிமிடம் நிற்கும்!" என்றான், அந்தக் குரலிலேயே. மேஸ்திரி சிரித்ததில் பெட்டி குலுங்கியது. "சிரிக்க வைக்காதப்பா, விட்டுடுவேன்!" கதவைத் திறந்து பார்த்த அக்கம்பக்கத்தாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். மச்சான்கூடச் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார். மாப்பிள்ளைக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் இப்படிச் சொல்லலாமோ கூடாதோ, இடுப்பில் வலி பிளந்துகொண்டிருந்தபோதும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அத்தை எங்கும் இடிபடாமல் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கீழே வாசலில் வண்டி காத்திருந்தது. பெட்டியை ஏற்றி, கதவைச் சாத்தி, ஆட்கள் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். மச்சான் யார் யார் எந்தக் காரில் ஏற வேண்டும் என்று ஆணையிட ஆரம்பித்துவிட்டார். மனைவி இன்னும் அவன் சட்டையை விடவில்லை.

அப்போது மேலே ஒரு ஜன்னல் திறந்தது. மூன்றாவது மாடிக்காரர் தலையை நீட்டி, கையை வெளியே விட்டு எதையோ ஆட்டிக் காட்டினார்.

"படியில யாரோ செருப்பை விட்டுட்டுப் போயிருக்கீங்க! ஒத்தைச் செருப்பு! இடது கால்!"

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பார்த்தான். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக, அத்தனை படிகளின் தூசியோடும், வாசல் சரளைக்கல் மேல் நின்றுகொண்டிருந்தது.

"யாரோடதுங்க?" என்று மேலேயிருந்து மறுபடியும் குரல் வந்தது.

மனைவி அவனைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை கையை உயரத் தூக்கினான்.

"என்னுதுங்க!" என்றான், நாலு மாடிக்கும் கேட்கும்படியாக.