சி-4 கட்டத்தில் கிடைத்த காலணா

அருள்முருகன் ஒழுங்குமுறை தவறிச் செய்த காரியம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். காசு கிடைப்பதற்கு முன்னாலேயே, கிடைத்துவிட்டது என்று தலைப்புக் கொடுத்துவிட்டான்.

குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறும் செவ்வாயும் மாலை ஏழு மணிக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கும். கடைசி நாளன்று ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசினால் சான்றிதழ். பேசாவிட்டால், வகுப்பு எடுக்கும் ஜெயபாரதி மேடம் சொன்னபடி, "இத்தனை நாள் வந்து ஏ.சி.யில உக்காந்ததுக்கு நன்றி." சான்றிதழ் இருந்தால் அருள்முருகன் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் ஸ்டோர் ஹெல்பராகவே இருந்து, சிமெண்டு மூட்டைகளோடு தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கலாம்.

தலைப்புக் கேட்டபோது மற்றவர்கள் 'என் செல்போன்', 'என் முதல் சேஃப்டி ஷூ' என்று எழுதிக் கொடுத்தார்கள். அருள்முருகன் 'நான் கண்டெடுத்த பழைய காசு' என்று எழுதினான். அப்போது அவன் கண்டெடுத்திருந்தவை பதினொரு சோடா மூடிகள். மேடம் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, சுவரில் ஒட்டி, அவன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டார். அதற்குப் பிறகு மாற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வாய் வந்திருந்தால் வகுப்புக்கே போயிருக்க மாட்டான்.

காசு தேடும் ஆசை அவனுக்கு வந்த விதமும் பெருமைப்படத் தக்கதுதான். கம்பெனியை விட்டு ஊருக்குப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்தார். ஃபிரிட்ஜ் ஃபோர்மேனுக்குப் போயிற்று. மைக்ரோவேவை டிரைவர் தூக்கினார். அருள்முருகன் யோசித்து முடிப்பதற்குள் திரைச்சீலை, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் போய், மூலையில் மெட்டல் டிடெக்டர் மட்டும் மிஞ்சியது. நீளமாக ஒரு கம்பு, அதன் அடியில் தோசைக்கல் மாதிரி வட்டத் தட்டு, கைப்பிடியில் ஒரு பெட்டி. தட்டைத் தரையோடு ஒட்டி ஆட்டிக்கொண்டே நடந்தால், அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் கத்தும். "1961 வரைக்கும் குவைத்தில் உங்கள் நாட்டு ரூபாயும் அணாவும்தான் புழங்கின, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு இன்ஜினியர் விமானம் ஏறினார்.

அருள்முருகன் அன்று சரியாகத் தூங்கவில்லை. மெடிக்கல் எடுக்காமல், விசா அடிக்காமல், கஃபீல் என்கிற ஸ்பான்சர் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் நம் காசுகள் தனக்கு முன்னாலேயே இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. ஒன்றாவது கண்ணில் படாதா?

அவன் தேர்ந்தெடுத்த இடம், ரூமிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பூங்கா. வெள்ளிக்கிழமைகளில் பாதி ஃபர்வானியா அங்கேதான் சாப்பிட்டு, குடித்து, தர்பூசணி விதை கொறித்துத் துப்பும். மறுநாள் காலையில் துப்புரவு ஆட்கள் மேலே கிடப்பதை அள்ளுவார்கள். மிதிபட்டுப் புல்லுக்குள் இறங்கியது இறங்கியதுதான். பதினைந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகள் அந்தப் புல்லுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

இன்னொருவனாக இருந்தால் கண்ட இடத்தில் தோண்டியிருப்பான். அருள்முருகன் புல்தரையை நைலான் கயிறு கட்டி நாற்பத்தெட்டுக் கட்டங்களாகப் பிரித்தான். ஒவ்வொரு கட்டத்தையும் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. கட்டத்தின் எண், சத்தம், விரல் கணக்கில் ஆழம், கிடைத்த பொருள் எல்லாம் டைரியில். குளிர்பான டின்னைத் திறந்ததும் பிய்த்து எறிவார்களே, அந்த அலுமினிய வளையத்துக்கும் பழைய காசுக்கும் டிடெக்டர் ஒரே குரலில்தான் கத்தும். வளையம் வேண்டாம் என்று பெட்டியில் குமிழைத் திருகிவிட்டால், நல்ல காசும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். இரண்டாம் வெள்ளிக்கிழமை டைரி இப்படிச் சொன்னது: "பி-2. நல்ல சத்தம். நான்கு விரல் ஆழம். டின் வளையம். நான் கேட்டது தவறாக இருக்கலாம். மீண்டும் தோண்டினேன். இன்னொரு டின் வளையம்."

பூங்காவின் காவலாளி ஓர் எகிப்துக்காரர். முதல் நாள் சந்தேகத்தோடு பார்த்தார். அருள்முருகன் தோண்டியதையெல்லாம் பையில் போட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்டுவதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. குப்பை பொறுக்கப் புது மெஷின் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து, "யல்லா, யல்லா" என்று ரொம்ப அழுக்கான மூலைகளாகப் பார்த்துக் கை காட்ட ஆரம்பித்தார். ஆராய்ச்சியாளர் அங்கேயும் போய்ப் பொறுக்கினார்.

ரூமில் ஆறு கட்டில்கள். எதிர்க் கட்டில்காரர் கார்மேகம், கமுதிப் பக்கத்து ஆள். பதினாலு வருஷமாக ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் பித்தளைக்குப் பாலீஷ் போடுவது அவருடைய டியூட்டி. கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி, லிஃப்ட் பட்டை. அவர் துடைத்த கைப்பிடியில் மீசை திருத்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அருள்முருகன் மண்ணோடு உள்ளே வந்தால் முதல் விசாரணை அவருடையதுதான்.

"என்ன தம்பி, இன்னைக்குப் புதையலு எத்தனை கிலோ?"

"மூடி ஏழு, வளையம் பதிமூணு, ஆணி ஒண்ணுண்ணே."

"ஆணி வேறயா. அப்ப சீக்கிரம் வீடு கட்டிருவ."

நாலாவது வாரம் துப்பாக்கித் தோட்டாவின் உறை ஒன்று கிடைத்தது. தொண்ணூறில் நடந்த சண்டையில் சுட்டதாக இருக்கும். அருள்முருகன் அதைத் தொட்டியில் போடாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தான். அன்று கார்மேகம் கிண்டல் செய்யவில்லை. வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதத் தேச்சா நல்லா வரும்" என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது வெள்ளிக்கிழமையோடு நாற்பது கட்டங்கள் முடிந்தன. காசு கிடைத்தது, ஆனால் இந்த வருஷத்துக் குவைத் சில்லறை, இருபது ஃபில்ஸ். அருள்முருகன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கடைசி நாள் வகுப்புக்குத் தான் போகப்போவதில்லை என்று அறிவித்தான்.

"மூணு மாசம் போயிட்டு கடைசி நாள் போகாம இருப்பியா?" என்றார் கார்மேகம்.

"காசு இல்லாம என்னத்தக் காட்டறது. சுவத்துல ஒட்டியிருக்காங்கண்ணே."

"சும்மா எதையாச்சும் காட்டேன்."

"கண்டெடுத்ததுன்னு போட்டிருக்கு."

கார்மேகம் கை கழுவப் போனார்.

வகுப்புக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு முன்னால் கட்டிலை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே இல்லாத கார்மேகம், காலை ஏழு மணிக்குப் பூங்கா வேலியோரம் ஃபிளாஸ்க்கில் டீயோடு நின்றார். காற்று வாங்க வந்தாராம். அருள்முருகன் எஃப் வரிசையில் ஆரம்பித்தான்.

"தம்பி, அந்தப் பக்கம் பாத்தாச்சா?"

"எந்தப் பக்கம்?"

"அந்த பெஞ்சுக்குப் பக்கத்துல."

"அது சி-4. மூணாவது வாரமே முடிச்சாச்சு. ரெண்டு பக்கமும் நடந்தேன்."

"இன்னொரு தடவ நட. கால் என்ன தேஞ்சா போகும்?"

அரை மணி நேரத்தில் நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை ஃபிளாஸ்க்காலேயே கை காட்டினார். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று அருள்முருகன் சி-4க்குப் போனான். தட்டு கத்தியது. மண் பொலபொலவென்று வந்தது. இரண்டு விரல் ஆழத்தில் காசு.

நடுவில் ஓட்டை போட்ட காலணா. 1944. அருள்முருகன் துடைக்க விரலைக் கொண்டுபோனான். துடைக்க ஒன்றுமில்லை. அறுபது வருஷம் மண்ணுக்குள் கிடந்த காசு, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஓட்டையின் உள்விளிம்பு வரைக்கும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அப்படித் துடைக்கத் தெரிந்த கை குவைத்தில் எத்தனை இருக்கும்? ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தது.

டைரியைப் புரட்டினான். "சி-4. நீளவாக்கில் ஒன்றுமில்லை. குறுக்குவாக்கில் ஒன்றுமில்லை." அவன் சுபாவம் அவனைச் சும்மா விடவில்லை. முதலில் டைரியைத்தான் சந்தேகப்பட்டான். அன்று பேட்டரி இறங்கியிருக்கலாம். தான் கவனிக்காமல் நடந்திருக்கலாம். சில மண்ணுக்குக் காசைச் சுத்தமாக வைத்திருக்கும் குணம் இருக்கலாம். இந்த மூன்றையும் மனதுக்குள் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் அடித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கார்மேகம் கழுத்தை நீட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க அரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருச்சாப்பா?"

"கெடச்சிருச்சுண்ணே."

"நான் சொல்லல?" என்றார் கார்மேகம். அவ்வளவுதான். ரூம் வரைக்கும் கைவீசி நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரும் வகுப்புக்கு வந்தார். டியூட்டி முடிந்து குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் அருள்முருகன் மனதுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் இத்தனை பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் ஆவார். சொல்லாவிட்டால் தான் பொய்யன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கும். மொத்தம்தான் பொய்யாக இருக்கும்.

"இது காலணா," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பூங்காவில் சி-4 கட்டத்தில் கிடைத்தது. ஆழம் இரண்டு விரல்." அதற்குள் மூன்று இடத்தில் தடுமாறியிருந்தான். முப்பது விநாடி ஆகியிருந்தது. மேடம் தலையாட்டினார். காசு கைமாறி ஒவ்வொரு பெஞ்சாகப் போனது.

கூடப் படிக்கும் ஆபிதா அதை வாங்கி லைட்டுக்குக் காட்டினாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். "மண்ணில் கிடந்த காசு எப்படி இவ்வளவு ஷைனாக இருக்கிறது?" என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள்.

'நான் துடைத்தேன்' என்றால் முடிந்தது. இரண்டே சொல். அருள்முருகனின் வாய் திறந்தது, அப்படியே நின்றது. கடைசி பெஞ்சில் கார்மேகத்துக்கு அந்தக் கேள்வியில் ஒரு சொல்தான் புரிந்தது. ஆனால் பதினாலு வருஷமாக அவருக்குச் சோறு போட்ட சொல் அது.

"அது ஷைன் ஏத்துறதுக்கு ஒரு முறை இருக்கு தங்கச்சி," என்று எழுந்தார். "மொதல்ல புளித்தண்ணில ஊறப்போடணும். அப்புறம்தான் பாலீஷ். எடுத்த உடனே பாலீஷ் போட்டா ஓட்டையோரம் கறுப்பு நின்னுரும். தீக்குச்சில துணியச் சுத்தி உள்ள விட்டுத் தேய்க்கணும். ஃபஹாஹீல்ல மீரா சாகிப் பாயோட பழைய சாமான் கடையில வாங்கறப்போ கரிக்கட்டையாட்டம் இருந்துச்சு."

வகுப்பு முழுக்கப் பின்னால் திரும்பியது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் எட்டியது போல, கார்மேகம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"நீங்கதான் பொதைச்சீங்களா?" என்றார் மேடம்.

"பொதைச்சேன்ங்க." கொஞ்சம் யோசித்தார். "அழுக்கா எப்படிங்க ஒருத்தர்கிட்டக் கொடுக்கறது?"

முதலில் சிரித்தது ஆபிதா. பிறகு மொத்த மாடியும் சிரித்தது. மேடம் அருள்முருகன் பக்கம் திரும்பினார்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். சி-4 ஏற்கெனவே பார்த்த கட்டம்." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தான். மாதிரிக்கென்று எடுத்து வைத்த டின் வளையங்கள், மூடிகள், ஆணி, தோட்டா உறை. "நானாகக் கண்டெடுத்தது இதுதான்."

மேடம் அந்தக் குவியலைப் பார்த்தார், சுவரில் தாம் போட்ட நட்சத்திரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு. இதைப் பத்திப் பேசு. நிறுத்தினா மார்க் இல்லை."

அவன் பேசத் தொடங்கினான். அதற்குள் வகுப்பு கடைசி பெஞ்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒருவர் வாட்ச் செயினைக் கழற்றி நீட்டினார். இன்னொருவருக்குக் குலதெய்வம் பதித்த சாவிக்கொத்து கறுத்திருந்தது. வெள்ளிக் கொலுசுக்குப் புளி ஆகுமா என்று யாரோ கேட்டார்கள். ஆகவே ஆகாது என்று கார்மேகம் கையை உயர்த்தி அறிவித்தார். மேடமே எழுந்துபோய், வீட்டில் பித்தளைக் குடம் ஒன்று பச்சை பூத்திருப்பதைப் பற்றித் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அருள்முருகன் நிறுத்தவில்லை. வளையமும் காசும் ஒரே குரலில் கத்துவதையும், அதனால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டியிருப்பதையும், ஆறு வாரம் தோண்டியதில் தோட்டா உறை எந்த ஆழத்தில் கிடந்தது என்பதையும் முழு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொன்னான். மூன்று நிமிடம் தாண்டி ஐந்தாயிற்று. எதிரே இருந்தவை காலி பெஞ்சுகள்தான். கேட்க ஆளில்லாததால் ஓர் இடத்திலும் அவன் தடுமாறவில்லை.