நீலநரி யார்?

அமெரிக்காவின் விசிட்டா நகரில் பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்த்த நோரீனுக்கு வயது நாற்பத்தாறு. பள்ளிப் பிள்ளைகளின் காதலும் கண்ணீருமாக ஓடும் 'டிராவர்ஸ் ஹை' தொடரை அவள் ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஆனால் பதினாறு வயது மகன் கோல்பிக்குத் தெரியாமல்தான் பார்ப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில், காதில் ஒயரோடு. தெரிந்தால் அவன் கேலி செய்தே கொன்றுவிடுவான். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்; அப்பா அலாஸ்காவுக்கு வேலைக்குப் போயிருப்பதாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

தொடரைப் பற்றிப் பேச அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். ரசிகர்கள் கூடும் இணையதளத்தில் அவள் பெயர் 'நீலநரி'. நோரீன் 'ஆந்தை'. அங்கே யாரும் யாருடைய வயதையும் கேட்பதில்லை. நீலநரியும் தன்னைப் போல நடுவயதுக்காரி என்றே நோரீன் நினைத்திருந்தாள். "என் பையன்கிட்ட ஒரு பெரிய விஷயத்த மறைச்சிட்டேன்" என்றுகூட ஒருமுறை அவளிடம் எழுதியிருந்தாள்.

"சொல்லிடுங்க ஆந்தை" என்று பதில் வந்தது. "எங்க வீட்லயும் ஒருத்தர் மறைக்கிறாங்க. எனக்குத் தெரியும். அவங்க வாயாலயே வரட்டும்னு காத்திட்டிருக்கேன்."

பாவம், புருஷன் ஏமாற்றுகிறான்போல என்று நோரீன் இரக்கப்பட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொடரின் நாயகன் பனிக்கட்டி ஏரியில் விழுந்தான். நோரீன் கையிலிருந்த கண்ணாடித் தட்டு தரையில் விழுந்து தூள்தூளானது. அதே நொடியில் திரையில் நீலநரியின் செய்தி வந்தது.

"ஐயோ, அவன் செத்துட்டானா? நான் கத்தப் போனேன், அதுக்குள்ள கீழ எங்கம்மா எதையோ போட்டு உடைச்சிட்டாங்க!"

நோரீன் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். நீலநரி எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியும் என்றானே!

சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மகன் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேட்ச் பாக்கறேன்மா. அப்புறம் வா."

"நீலநரி" என்றாள்.

கதவு மெல்லத் திறந்தது. கோல்பியின் முகம் வெளிறிக் கிடந்தது.

"நீங்... நீயா ஆந்தை?"

"அப்பா அலாஸ்கால வேலைக்குப் போகலடா."

"தெரியும். பக்கத்துல, டல்சா ஊர்ல இருக்காரு. வேற ஒருத்தங்களோட, ஒரு குழந்தையோட. நெட்ல ஃபோட்டோ பாத்தேன்."

"எப்ப?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

கிறிஸ்துமஸுக்கு அவளே ஒரு கோட்டு வாங்கி, "அப்பா அனுப்பினாருடா" என்று கொடுத்திருந்தாள். அவனும் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருந்தான். நோரீன் அறைக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க நான் அழுது எழுதினதெல்லாம் நீ படிச்சிருக்க" என்றான் கோல்பி. காது மடல்கள் சிவந்திருந்தன. "போம்மா. தயவு செஞ்சு போ."

கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் நீலநரியின் பக்கமே தளத்தில் இல்லை. கோல்பி பல நாள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான், தனியாகச் சாப்பிட்டான். வாயைத் திறந்தால் எதைச் சொல்லிவிடுவோமோ என்று அவளும் பயந்து கிடந்தாள்.

ஒரு ஞாயிறு காலை அவன் சமையலறைக்கு வந்து தன் ஃபோனை மேசைமேல் வைத்தான்.

"அப்பா நம்பர் போடு. பேசணும்."

அவள் எண்ணை அழுத்திவிட்டு எழுந்தாள். "இங்கயே இரு" என்றான். மறுமுனையில் பழகிய குரல் "ஹலோ" என்றது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கோல்பி பேசறேன்பா. பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"