நாலு நீல டிரம்

பத்ரிநாராயணனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது சேலையூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை, அவமானம். ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் முப்பத்தொரு வருஷம் குப்பியும் கையுமாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது என்று ஒருத்தர் புகார் எழுதிப் போடுவதாவது!

எழுதிப் போட்டவர் பக்கத்து வீட்டு ஷ்யாம்சுந்தர். அவருடைய மகள் ஸ்ம்ருதிக்கு ஒன்பது வயது. டெங்கு என்று ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிளேட்லெட் தினம் இறங்கிக்கொண்டிருந்தது. பெற்றவனுக்குக் கண் எங்கே போகும்? காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நீச்சல் குளத்தின் மேல் போய் நின்றது. தெருவிலேயே வேறு யார் வீட்டில் அவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

நீச்சல் குளம் என்றதும் பங்களா, பவிஷு என்று நினைத்துவிட வேண்டாம். இருபதுக்குப் பத்தடி, மார்பளவு ஆழம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்ரியின் மனைவி அபிதகுஜாம்பாள் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் அழுதுவிடுவாள். தண்ணீருக்குள் நடந்தால் தேவலை என்றார் டாக்டர். பத்ரி பின்கட்டில் இருந்த கார் ஷெட்டை இடித்துவிட்டுக் குளம் வெட்டினார். எட்டே மாதத்தில் வாக்கர் பரணுக்குப் போயிற்று. ஆனால் இன்றைக்கும் நாலு நாள் சேர்ந்தாற்போல் தண்ணீரில் இறங்காவிட்டால் அவளுக்கு இடுப்பு இறுகிக்கொள்ளும். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் குளத்தில் இறங்குவாள். அதே நேரத்துக்கு ஸ்கூல் விட்டு வந்த ஸ்ம்ருதி தன் அறை ஜன்னலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே மாமியின் சுற்றுகளை எண்ணுவாள். “மாமி, பதினேழுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்கோ!” என்று சுவரைத் தாண்டிக் குரல் வரும். இருபது ஆனால்தான் விடுவாள். இந்த ஆறு நாளாக அபிதாவுக்கு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

“பதினோரு மணிக்கு கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் வரார். அதுக்கு முன்னாடி கொசுப்புழு பாக்கற ஷர்மிளா வந்து பாப்பாளாம்” என்றார் பத்ரி. “ஒரு புழு அகப்பட்டாலும் குளத்தை வடிச்சு மூடச் சொல்லிடுவாளாம்.”

“மூடிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றாள் அபிதா. குரலில் பயம் அப்படியே தெரிந்தது.

“மூடறதாவது! என் தண்ணியில புழுவா? அது பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துடும்.”

வாய்ச்சவடால் இல்லை, உண்மைதான். தினம் காலையில் பல் தேய்த்த கையோடு குளத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். குளோரின் எவ்வளவு என்று மோட்டார் ரூம் கதவில் தொங்கும் சிலேட்டில் எழுதுவார். குளத்தைச் சுற்றி ஒரு பூந்தொட்டி கிடையாது. மழை பெய்தால் மேலே விரித்த தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் காபியே குடிப்பார்.

ஒன்பது மணிக்கு ஷர்மிளா வந்தாள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது வேலை. தோளில் பை, கையில் டார்ச், ஒரு வெள்ளை அகப்பை. அபிதா வாக்கரோடு நின்ற காலத்திலிருந்தே இந்தத் தெரு ஷர்மிளாவுக்குப் பழக்கம்.

“இன்னா சார், உங்க வூட்டு மேலயே கம்ப்ளெய்ன்ட் வந்துகீது?” என்றாள்.

“வா வா. நன்னாப் பாரு. ஆனா ஒரு நிமிஷம் இரு. சாட்சி வேணும்.”

ஷ்யாம்சுந்தர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து குளித்து உடை மாற்ற வந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். பத்ரி அவரைக் கேட்டிலேயே மறித்து, “வாங்கோ, நீங்களே வந்து கண்ணால பாத்துடுங்கோ” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார். அந்த மனுஷனைக் குளிக்க விட்டிருக்கலாம். அதெல்லாம் அப்போது பத்ரிக்குத் தோன்றவில்லை.

ஷர்மிளா குளத்தின் நாலு மூலையிலும் அகப்பையால் மொண்டு பார்த்தாள். படிக்கட்டுக்கு அடியில், குப்பை வந்து சேரும் வாயில், தார்ப்பாயின் மடிப்பில், மோட்டார்க் குழியில், எல்லா இடத்திலும் டார்ச் அடித்தாள். வெறும் தண்ணீர்.

“தொட்டி சுத்தம் சார். ஒண்ணுமே இல்ல” என்றாள்.

பத்ரி சிலேட்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஷ்யாம்சுந்தரின் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஒண்ணரை! இதுல கொசு உக்காருமா? படிச்சவர் நீங்க. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமோன்னோ?”

ஷ்யாம்சுந்தர் தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்கோங்கோ மாமா. நேத்து இருபதாயிரத்துக்கு இறங்கிடுத்து. என்ன பண்றதுன்னே தெரியல. யாரையாவது திட்டணும் போல இருந்தது.”

“போகட்டும், போகட்டும்” என்று பெரிய மனசு பண்ணினார் பத்ரி. ஷ்யாம்சுந்தர் போன பிறகு மீசையே இல்லாத மேலுதட்டை ஒருமுறை தடவிக்கொண்டார். பின்கட்டு வாசலில் நின்றிருந்த அபிதாவைப் பார்த்து, ‘பாத்தியா’ என்று புருவத்தை உயர்த்தினார்.

ஷர்மிளா கிளம்பியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவள் இல்லை. கேட்டில் தொடங்கி, இடக்கை சுவரில் படும்படியாக வீட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி கேட்டுக்கு வந்தால்தான் வீட்டுக் கதவில் ஒட்டும் பரிசோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். அப்படியே சுவரோரமாகப் போனவள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் திரும்பினாள். அங்கே இருநூறு லிட்டர் நீல டிரம்கள் நாலு, வரிசையாக நின்றன. வாயில் பழைய வேட்டி கட்டியிருந்தது.

“சார், இது இன்னா?”

“அதுவா? ஃபில்டர் கழுவற தண்ணி” என்றார் பத்ரி, இன்னும் பெருமை குறையாமல். “கீழ விட மனசு வரல. செடிக்கு ஊத்துவேன்.”

மனசு வரவில்லை என்றது வெறும் பேச்சில்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு தெருமுனையில் நின்றவர் அவர். கீழ்க்கட்டளை வரைக்கும் போய், லாரிக்காரனைச் சாமி சாமி என்று கெஞ்சியவர். அன்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் வீணாகப் போனாலும் அவருக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே குளம் வெட்டிவிட்டார். அந்த உறுத்தலுக்குப் பரிகாரம்தான் நாலு டிரம்மும். குளத்து ஃபில்டரை வாராவாரம் கழுவும் தண்ணீரைப் பிடித்து வைப்பார். குளோரினோடு ஊற்றினால் கறிவேப்பிலை கருகிவிடும் அல்லவா? மூன்று நாள் வெயிலில் திறந்து வைத்து, குளோரின் போய்விட்டதா என்று அதையும் குப்பியில் சோதித்துவிட்டு, பிறகு வேட்டியால் மூடுவார். லேப்காரர் இல்லையா!

ஷர்மிளா நாலாவது டிரம்மின் பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வேட்டியை விலக்கி டார்ச் அடித்து, அகப்பையால் மொண்டாள். மூன்று வாரமாக விட்டுவிட்டு மழை. செடிக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை, டிரம்மை யாரும் தொடவில்லை. நனைந்து தொங்கிய வேட்டி ஒரு பக்கம் நழுவி, கை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

“வந்து பாருங்க சார்.”

அவர் குனிந்து பார்த்தார். அகப்பையின் வெள்ளையில் இருபது முப்பது புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. 

“இது... இது குளத்துத் தண்ணிதானே? குளோரின் தண்ணி” என்றார்.

“குளோரின் இருந்தா இது உயிரோட கீதா சார்?”

குளோரினை எடுத்தது யார்? அவர்தான். எடுத்தாயிற்றா என்று குப்பி வைத்துச் சரிபார்த்ததும் அவர்தான். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. நிமிர்ந்தார். தலைக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஸ்ம்ருதியின் ஜன்னல் இருந்தது.

ஷர்மிளா அவர் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பேஜாராவாத சார். இங்கேர்ந்துதான் அந்தப் பொண்ண கடிச்சுதுன்னு யாரால சொல்ல முடியும்? தெரு பூரா கொட்டாங்குச்சி, டயரு, எல்லாம் கீது. கம்ப்ளெய்ன்ட் தொட்டி மேலதான். தொட்டில இல்லன்னு எழுதிக்கிறேன். இத இப்பவே கவுத்துரு. அக்கா எப்படி நடந்துகினு இருந்தாங்கன்னு நான் பாத்தவ. தொட்டிய மூடினா அவுங்க கதி இன்னா?”

பத்ரிக்கு அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம் போல இருந்தது. குளம் தப்பிக்கும். அபிதா நடப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாயிற்று. நாலு டிரம்மைக் கவிழ்த்தால் பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. அவர் முதல் டிரம்மின் விளிம்பில் கை வைத்தார்.

“ஏன்னா.”

அபிதா பின்கட்டு வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“கவுத்துடுங்கோ. ஆனா ஷர்மிளா உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.”

“உன் இடுப்பு?” என்றார் பத்ரி.

“என் இடுப்புக்காகப் பொய் சொல்லிட்டு வந்து நின்னா, நான் எந்த மூஞ்சியோட அந்தத் தண்ணியில இறங்குவேன்?” அவளுக்குக் கண் கலங்கியது. “அதோட, அவர் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டார். கையை நீட்டி வாங்கிண்டேளே. அது உங்களுது இல்லை. போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வாங்கோ.”

ஷ்யாம்சுந்தர் ஃபிளாஸ்க்கோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். பத்ரி தெருவில் செருப்பில்லாமல் ஓடினார். ஓடி முடித்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் தப்பு என்னுடையது என்று சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு.

“ஷ்யாம், அந்த மன்னிப்பு... நான்தான் கேக்கணும். குளத்துல இல்ல. பின்னாடி டிரம்ல இருக்கு. புழு. நான் வெச்ச தண்ணி. மூணு வாரமா கவனிக்கல. உங்காத்து ஜன்னலுக்குக் கீழேயே வெச்சிருக்கேன்.”

ஷ்யாம்சுந்தர் சாவியைத் திருப்பி ஸ்கூட்டரை நிறுத்தினார். கத்துவார் என்று பத்ரி காத்திருந்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“சாயங்காலம் ஜன்னலைச் சாத்து, கொசு வரும்னு அவ அம்மா சொல்லிண்டே இருப்பா” என்றார் ஷ்யாம்சுந்தர், அவரைப் பார்க்காமலே. “குழந்தை கேக்கமாட்டா. ‘நான் எண்ணலேன்னா மாமி ஏமாத்திடுவா’ம்பா.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பத்ரி நடுத்தெருவில் நின்று அழுதார். பால்காரர் பார்த்தார், எதிர்வீட்டுப் பெண் பார்த்தாள். பார்க்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் தேவானந்தம் வந்தார். டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. ஷர்மிளா சீட்டில் ‘புழு உண்டு’ என்று எழுதியிருந்தாள். வழக்கமாக அந்தச் சீட்டைக் கதவுக்கு உட்பக்கம் ஒட்டுவார்கள். பத்ரி அதை வாங்கித் தெருவைப் பார்த்த கேட்டில் ஒட்டினார். தேவானந்தம் நிதானமான மனிதர். குளத்தை மூடச் சொல்லவில்லை. அபராதம் எழுதினார். ஒரு மாதத்துக்கு வாராவாரம் ஆட்கள் வருவார்கள், இன்னொரு புழு கிடைத்தால் குளத்துக்கு மண்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அபிதா குளத்தில் இறங்கவில்லை. பத்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “அந்தக் குழந்தை எழுந்திருக்கட்டும்” என்றாள். சனிக்கிழமை பிளேட்லெட் ஏறத் தொடங்கியதாகத் தெருவில் பேச்சு. பத்ரி நாலு இரும்புச் சல்லடை வாங்கி, அவற்றை டிரம் வாயில் கட்டத் தோன்றாமல், டிரம்களையே பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை மத்தியானம் ஸ்ம்ருதி வீட்டுக்கு வந்தாள். ஷ்யாம்சுந்தர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடி இறுக்கிச் சாத்தியிருந்தது.

அதற்குள் அபிதா சுவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். நாலரை மணிக்கு பத்ரி அவளைத் தாங்கிப் படியிறக்கினார். அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். ஆறுவரை சரியாகப் போயிற்று. அடுத்த சுற்று முடிந்ததும், “எட்டு” என்றாள்.

மேலே கண்ணாடியில் டொக் என்று ஒரு தட்டு. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன, வெளிறிய முகம். ஒரு கையின் ஐந்து விரலும் இன்னொரு கையின் இரண்டு விரலும் கண்ணாடியில் பதிந்திருந்தன.

“ஏழு” என்று திருத்திக்கொண்டு அபிதா மறுபடி நடக்கத் தொடங்கினாள்.