மாஷ் என்ற பெயர்

எவுலாலியாவுக்குக் கைராசி உண்டு என்று மலைமேல் இருந்த மூன்று கிச்சே பழங்குடி ஊர்களிலும் சொல்வார்கள். இருபது வருஷத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குக் குறையாமல் அவள் கையில் பிறந்திருக்கும். தங்கை பெத்ரோனாவின் தலைச்சன் பிள்ளையைத்தான் அவளால் காப்பாற்ற முடியவில்லை. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த ஆண் குழந்தை. விடியலில் பிறந்து உச்சிக்குள் அடங்கிவிட்டது. பாதிரியார் வந்து தண்ணீர் தெளிக்கக்கூட நேரமில்லை.

அப்போது எவுலாலியாவின் வீட்டில் மார்லீஸ் தங்கியிருந்தாள். கடல் தாண்டி வந்தவள், தன் ஊரில் பிரசவத்துக்குத் துணை நிற்பவள். மூன்று வாரமாகச் சோளக்கஞ்சி குடித்து, விறகு சுமந்து, ஸ்பானிஷில் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான். பெத்ரோனாவோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

எட்டாம் நாள் பெற்றவளை, சுட்ட கல்லில் நீராவி எழுப்பும் வேர்வை அறையில் குளிப்பாட்டி, விரிந்த எலும்பு கூடுவதற்காகத் தலையிலிருந்து கால்வரை சால்வையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதை வெளியாள் பார்ப்பதில்லை. தானும் இருக்கட்டுமா என்று மார்லீஸ் கெஞ்சினாள். எவுலாலியா தங்கையிடம் கேட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெத்ரோனா, "உனக்குச் சரின்னா சரிதான்க்கா" என்றாள்.

இடுப்புக் கட்டு வந்தபோது பெத்ரோனா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவன் பேரைச் சொல்லுக்கா. ஒருத்தர் வாயாலயும் கூப்பிடாமலே போயிட்டான்."

வயிற்றில் இருந்தபோதே அவனுக்குத் தொமாஸ் என்று பெயர் வைத்திருந்தாளாம். வீட்டுப் பேச்சில் அது மாஷ். மாஷ், நீ போ, உன் அம்மா இங்கே இருப்பாள் என்று ஒவ்வொரு இறுக்கத்துக்கும் எவுலாலியா கிச்சே மொழியில் சொன்னாள். சால்வையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் மார்லீஸ்.

இரண்டு வருஷம் போயிற்று. பெத்ரோனா ஏரிக்கரை விடுதி ஒன்றில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் துண்டுகளைச் சுமந்துகொண்டு தோட்டத்துக் கூடத்தைக் கடந்தபோது நின்றுவிட்டாள். பதினைந்து இருபது வெளிநாட்டுப் பெண்கள். பாதிப்பேர் சால்வைமேல் படுத்திருக்க, மற்றவர்கள் இருபுறமும் மண்டியிட்டு இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் எல்லாரும் ஒரே குரலில், "மாஷ்... மாஷ்..." என்றார்கள். முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் மார்லீஸ்.

பெத்ரோனா துண்டுகளை அங்கேயே வைத்துவிட்டு மலையேறி அக்கா வீட்டுக்கு வந்தாள். கேட்டதைச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"என் பிள்ளை பேரைச் சொல்லி விளையாடிக்கிட்டு இருக்காங்க. உள்ள கூட்டிட்டு வந்தது நீதானே?"



மறுநாள் காலையில் எவுலாலியா ஏரிக்கரைக்கு இறங்கினாள். மார்லீஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தான் நடத்தும் பயிற்சியின் பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எவுலாலியாவின் பெயரை நன்றியோடு போட்டிருப்பதாகச் சொல்லி, அதை எடுத்துக் காட்டினாள். பக்கத்து மேஜையில் முத்திரை குத்திய சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. இதே கட்டைக் கட்டக் கூடாது, அழுக்கு வழக்கம் என்று சுகாதார நிலையத்தில் எவுலாலியாவைத் திட்டி அனுப்பி மாதம்கூட ஆகவில்லை.

மாஷ் என்றால் என்னவென்று பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாய் என்று எவுலாலியா கேட்டாள்.

"மூடுறதுன்னு. கதவு மூடுதுன்னு. அப்படித்தானே?"

"அது என் தங்கச்சி பிள்ளையோட பேரும்மா."

 மார்லீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று அழுதாள். இன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்றதற்கு அவளால் கணக்குச் சொல்ல முடியவில்லை. பதினோரு நாடு. படித்தவர்களில் பலர் இப்போது பிறருக்குக் கற்பிக்கிறார்கள். எல்லாருக்கும் எழுதிவிடுவதாகச் சொன்னாள்.

"எழுது" என்றாள் எவுலாலியா. "நான் அவனைப் போன்னு அனுப்பி வச்சேன். நீங்க ஊர் ஊரா உக்காந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. அவன் எங்கேன்னு போவான்?"

மார்லீஸ் எழுதத்தான் செய்தாள். நாலைந்து பேர் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார்களாம்.

அடுத்த வருஷம் பெத்ரோனா மறுபடி உண்டானாள். பேறு பார்க்க ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மருத்துவச்சியை அழைத்துக்கொண்டாள். செய்தி சொல்ல வந்த அவள் புருஷன் வாசலிலேயே நின்றான்.

"கோவமெல்லாம் இல்லையாம். உங்க கை பட்டா அந்தச் சத்தம் காதுல விழுமாம். அதான்."

எவுலாலியா ஒரு நல்ல கோழியாகப் பார்த்துப் பிடித்து, காலைக் கட்டி அவனிடம் கொடுத்தனுப்பினாள்.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். நாற்பது நாள் கழித்துச் சந்தையில் அக்காவும் தங்கையும் எதிர்ப்பட்டார்கள். உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார்கள். பெத்ரோனா முதுகுத்துணியை விலக்கிக் குழந்தையைக் காட்டினாள். அது பெரியம்மாவின் விரலைப் பற்றிக்கொண்டது. ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று எவுலாலியா கேட்கவில்லை. பெத்ரோனாவும் சொல்லாமலே துணியை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள்.