நம்பர் போடுகிறவள்

அருவியில் குளிக்கவென்று கடையத்திலிருந்து தென்காசிக்கு என் வீட்டுக்கு வந்த அக்கா மகள் நிவேதா, வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றவில்லை. நாலு வயது. அக்கா காப்பி போட எழுந்த நேரம் பார்த்து நானே கழற்றினேன். இரண்டு கால்களும் கணுக்கால் வரை வெந்திருந்தன. அதற்கு மேல் ஒரு துளிகூடப் படவில்லை.

“வெந்நிச் சட்டிய இழுத்து ஊத்திக்கிட்டா,” என்றார் கூட வந்திருந்த அக்கா புருஷன் பாண்டித்துரை அத்தான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பேர்.

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதும் குறிப்புகளை வீட்டிலிருந்தே படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. இழுத்துக் கொட்டிய வெந்நீர் கையிலும் நெஞ்சிலும் சிதறியிருக்கும். பிடித்து முக்கினால்தான் இப்படி வரம்பு கட்டி நிற்கும். எத்தனை குறிப்புகளில் படித்திருக்கிறேன்.

“கொட்டுன வெந்நி இப்படி இருக்காது அத்தான்.”

“நீ என்ன டாக்டரா? டாக்டர் எழுதுததுக்கு நம்பர் போடுதவதான.”

உண்மைதான். டாக்டர் எழுதாததை நாங்களாக ஊகித்துப் போடக் கூடாது. சந்தேகமென்றால் அவரிடமே கேட்கலாம். அதிலும் பதிலை நம் வாயால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சரி, டாக்டரே எழுதட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். “எங் குடியக் கெடுக்கப் பாக்கியாட்டி,” என்று அக்காவும் ஏறினாள். அத்தான் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். காலைப் பார்த்தார், ஓ.பி. சீட்டை எழுத இழுத்தார். “வெந்நி கொட்டிட்டா பாப்பா?”

அத்தான் அவளுக்குப் பதிலாகத் தலையாட்டினார்.

“நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க டாக்டர். என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க,” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னை வேலை பாக்க விடுங்க மேடம்,” என்று எழுதத் தொடங்கினார். வெந்நீர் கொட்டியது என்ற அந்த ஒரு வரியோடு பிள்ளை அத்தானோடு கடையம் திரும்பிவிடுவாள். என்னால் அதன்பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நர்ஸ் புண்ணைக் கழுவ ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நிவேதா கால்களை வெடுக்கென்று மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்பாவை மட்டும் பார்த்தாள்.

“இனிமே பாயில மோள மாட்டேம்ப்பா.”

டாக்டரின் பேனா நின்றது. அக்கா என்னைத்தான் முறைத்தாள்.